உதட்டில் எறும்பு

ஜூலை 2

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் அம்மாவும் இங்கே சௌக்கியம். உன் கால் வீக்கம் வடிந்ததா, உள்ளே இருப்பது உதைக்கிறதா என்று அம்மா கேட்கச் சொன்னாள். மாமியாரைப் பார்த்துவிட்டு நாலு நாளில் வருகிறேன் என்று போனவளை, பிரசவம் வரை எழுந்திருக்கவே கூடாது என்று டாக்டர் அங்கேயே படுக்க வைத்துவிட்டாரே! உன் தலையணை உறையைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன்.

இது போனில் சொல்ல வேண்டிய விஷயம்தான். ஆனால் நீ பேசும்போது உன் மாமியார் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்த பிறகு எனக்கு வாயே வரவில்லை. அதனால் கடிதம்.

நேற்று உங்கள் பாட்டுக் குழு டீச்சர் நம் தையல் கடைக்கு வந்தார். நான் தையல் மிஷினுக்குப் பின்னால் உட்கார்ந்து சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தேன். "பெரியவ படுத்துட்டா. எனக்கு ரெண்டாவது குரலுக்கு ஆள் இல்ல. சின்னவளைக் குடுங்க" என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா சிரித்துவிட்டாள். "இவளா? அளவு எடுக்கணும்னு வாய்விட்டுச் சொல்ல மாட்டா டீச்சர், டேப்பை நீட்டிட்டு நிப்பா" என்றாள். டீச்சர் சிரிக்கவில்லை. "மாடியில ரெண்டு பேரும் பாடுவாங்களே, கீழ நின்னு கேட்டிருக்கேன்" என்றார்.

நான் தலையாட்டிவிட்டேன் அக்கா. ஏன் ஆட்டினேன் என்று தெரியவில்லை. எழுந்து நின்று வாசிக்கச் சொல்கிறார்கள் என்பதற்காகவே ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். இந்த மாதம் பதினெட்டும் பத்தொன்பதும் நாட்டுப்புற இசை விழா. மைதானத்தில் பலகை மேடை. சவுண்டு உன் வீட்டுக்காரர், நம் மாமாவேதான். நீ நின்ற இடத்தில் நான் நிற்க வேண்டும். அங்கே எப்படி இருக்கும் என்று எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள். மருந்தை மறக்காதே.

உன் சுண்டு


ஜூலை 9

என் சுண்டுவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததிலேயே பாதி வீக்கம் வடிந்துவிட்டது. மீதி வீக்கத்துக்கு என் மாமியார் பொறுப்பு. இடது பக்கம் திரும்பினால் "வலது பக்கம் படு" என்கிறார், வலது பக்கம் திரும்பினால் "டாக்டர் என்ன சொன்னார்?" என்கிறார். நல்ல மனுஷிதான். கொஞ்சம் தூரத்தில் இருந்தால் இன்னும் நல்ல மனுஷி. உள்ளே இருப்பது நன்றாக உதைக்கிறது.

நீ பாடப் போகிறாய் என்று படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன், திட்டும் வாங்கினேன். இப்போது அக்கா சொல்வதைக் கேள்.

மேடை ஏறியதும் உதட்டில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். எனக்கு இத்தனை வருஷமும் அப்படித்தான். அது வெறும் பயம். யாரிடமும் சொல்லாதே, சொன்னால் அதிகமாகும். பாட ஆரம்பித்தால் போய்விடும். டீச்சர் மைக்கை ஒரு சாண் தள்ளி வைத்துத்தான் பாடுவார், அந்தக் குரலுக்கு அது போதும். உனக்குச் சின்னக் குரல். மைக்கின் வலை உதட்டில் படுகிற மாதிரி வைத்துக்கொள். கூட்டத்தைப் பார்க்க பயமாக இருந்தால் டீச்சரின் கிடார் கையைப் பார்.

இன்னொன்று. நான் எறியச் சொன்னதை எறிந்தாயிற்றா என்று உன் மாமாவிடம் கேள். அவருக்குப் புரியும். உனக்குப் புரிய வேண்டாம். மழைக்காலத்துக்கு முன் எறிந்துவிடுகிறேன் என்று என் வயிற்றின் மேல் கை வைத்துச் சொன்னவர்.

அம்மாவுக்கு முதுகுவலி எப்படி? நீ நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா


ஜூலை 18, சனிக்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நனைந்திருக்கிறேன், ஆனால் நலம். நீயும் உள்ளே இருப்பதும் சுகமா?

மாமாவின் வேனில், ஸ்பீக்கர் பெட்டி மேல் காகிதத்தை வைத்து எழுதுகிறேன். நான் பாடிவிட்டேன்!

காலையில் வந்து இறங்கும்போதே மழை. மைதானம் முழுக்கச் சேறு, அதன் மேல் வைக்கோல் போட்டிருக்கிறார்கள், வைக்கோலும் சேறாகிவிட்டது. மேடை இரும்புச் சட்டத்தின் மேல் பலகை அடித்தது, மேலே தார்ப்பாய். தார்ப்பாயின் வயிற்றில் தண்ணீர் சேரச் சேர, நம் மேளக்காரத் தொப்பி அண்ணன் குச்சியால் குத்திக் கொட்டுவார். ஒரு தடவை அது அப்படியே மாமா தலையில் கொட்டியது. "இந்த விழாவுல எனக்குத்தான் முதல் மரியாதை" என்றார் மாமா. கூட்டம் குடையோடு நின்றே கேட்கிறது.

நாங்கள் ஒத்திகை பார்க்க மேடை ஏறியபோது ஸ்பீக்கரில் "ஊ" என்று ஓர் இரைச்சல் விடாமல் வந்தது. டீச்சரின் சுருதி நாலரைக் கட்டை. இரைச்சல் ஐந்துக்குக் கொஞ்சம் மேலே. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் உரசி எனக்குப் பல் கூசியது. டீச்சர் என்னைப் பார்த்து, "என்னம்மா, சொல்லேன்" என்றார். நான் வாயைத் திறக்க மாமா, "காதுல விழல, மைக்ல சொல்லு" என்று கிண்டல் செய்தார். எல்லோரும் சிரித்தார்கள். டீச்சரே "அந்த இரைச்சலை எடுங்க தம்பி" என்று சொல்லிவிட்டார்.

"சுண்டு, பெட்டியில சிவப்பு டேப் சுத்தின வயர் இருக்கும், கொண்டா" என்றார் மாமா. கொண்டுபோய்க் கொடுத்தேன். சவுண்டு மிக்ஸரில் இருந்த வயரை உருவிவிட்டு அதைச் செருகினார். இரைச்சல் வெட்டினாற்போல் நின்றுவிட்டது. எனக்கு மாமாவைப் பார்த்து ஆச்சரியமாக இருந்தது.

நீ சொன்னது அத்தனையும் நடந்தது அக்கா. மைக்கை உதட்டில் படுகிற மாதிரி வைத்தேன், எறும்பு வந்துவிட்டது! ஊர்கிற மாதிரி இல்லை, குட்டிக் குட்டியாகக் கடிக்கிற மாதிரி. உதடு பட்டால் கடிக்கும், எடுத்தால் போய்விடும், மறுபடி பட்டால் கடிக்கும். செருப்பு சேற்றில் அறுந்துபோய் வெறுங்காலோடு நின்றேன், காலிலும் லேசாக இருந்தது. பாட ஆரம்பித்தும் போகவில்லை. உன்னைவிட எனக்குப் பயம் அதிகம்தானே என்று நினைத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. முழுவதும் பாடினேன். கை தட்டினார்கள். குடை பிடித்திருந்தவர்கள் தொடையில் தட்டினார்கள்.

எறிந்தாயிற்றா என்று மாமாவிடம் கேட்டேன். சிரித்தார். "எறிஞ்சாச்சுன்னு எழுது" என்றார்.

நாளை மத்தியானம் மறுபடி பாட வேண்டும். வாசலில் தபால் பெட்டி இருக்கிறது, இப்போதே போய்ப் போட்டுவிடுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள், என்னைப் பற்றிக் கவலைப்படாதே.

உன் சுண்டு (பாடகி)


ஜூலை 22

சுண்டு,

நான் நலம். என்னைப் பற்றி விசாரிக்க வேண்டாம். உன் கடிதம் இப்போதுதான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது என்று தெரிகிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

எல்லோரும் எழுந்து நடமாடுகிறீர்களா? நீ, டீச்சர், மேளக்காரர், உன் மாமா? ஒவ்வொருவராக எழுது. இரண்டு நாளாக அவர் போனை எடுக்கவில்லை. "வேலையாயிருப்பான்" என்கிறார் மாமியார்.

இந்தக் கடிதத்தைப் படித்தவுடன் பதில் எழுது. மாமாவிடம் காட்டாதே. அந்த மைக் பக்கம் போகாதே. காரணம் கேட்காதே.

அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அக்கா


ஜூலை 30

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு யாவரும் நலம். உன் நலமும் குழந்தையின் நலமும் அறிய ஆவல்.

விழா இனிதே நடைபெற்றது. ஞாயிற்றுக்கிழமை பலத்த மழை காரணமாக நிகழ்ச்சி பாதியில் நிறுத்தப்பட்டது. டீச்சர் மேடையில் வழுக்கி விழுந்ததில் சிறு காயம். தற்போது தேறி வருகிறார். மாமா வேலையில் மும்முரமாக இருப்பதால் போன் பேச இயலவில்லை. நீ வீணாகக் கவலைப்பட வேண்டாம், கவலை குழந்தைக்கு ஆகாது.

அம்மாவும் உன்னை விசாரித்தாள். ஓய்வெடுக்கவும்.

இப்படிக்கு
உன் தங்கை


ஆகஸ்ட் 6

என் சுண்டுவுக்கு,

உடம்பு பரவாயில்லை. தூக்கம்தான் இல்லை.

"இனிதே நடைபெற்றது", "இயலவில்லை". இது நீ எழுதியது இல்லை. நீ எழுதினால் தார்ப்பாயின் வயிறு வரும், தொப்பி அண்ணன் வருவார். எழுதும்போது யார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்? சொல்லச் சொல்ல எழுதினாயா? பதில் வேண்டாம், எனக்குத் தெரியும். ஸ்பீக்கர் போட்ட போன் இங்கே மட்டும் இல்லை போலிருக்கிறது.

அடுத்த கடிதத்தைத் தபாலாபீசில் உட்கார்ந்து எழுது. எழுதி, ஒட்டி, பெட்டியில் போட்டுவிட்டு எழுந்து வா.

நான் உனக்கு ஒன்றைத் தவறாகச் சொல்லிவிட்டேன். பயத்தில் வரும் எறும்பு உதடு மைக்கில் படுகிறதா இல்லையா என்று பார்க்காது. அது மேடைக்குக் கீழே நிற்கும்போதே வந்துவிடும். பட்டால் கடித்து, எடுத்தால் போகிறது என்றால் அது பயம் இல்லை சுண்டு. அது கரண்டு.

சிவப்பு டேப் வயரின் பிளக்கைப் பார். மூன்று பின் இருக்கிறதா என்று மட்டும் எழுது. எர்த் பின்னை அறுத்தால் இரைச்சல் நின்றுவிடும், ஆனால் கசிகிற கரண்டு மண்ணுக்குப் போகாமல் மைக்குக்கு வந்துவிடும்.

டீச்சருக்கு நிஜமாக என்ன ஆயிற்று? பயப்படாமல் எழுது. நான் படுத்துத்தான் இருக்கிறேன், புதிதாக விழ முடியாது.

உன் அக்கா


ஆகஸ்ட் 13

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சுகமா என்று கேட்டுவிட்டு இதை எழுத வெட்கமாக இருக்கிறது. தபாலாபீஸ் பெஞ்சில் இருக்கிறேன். பக்கத்தில் ஒரு பெரியவர் தூங்குகிறார், வேறு யாரும் இல்லை.

இரண்டு பின்தான். மூன்றாவது, பெரிய எர்த் பின், அடியோடு அறுத்திருக்கிறது. அறுத்த இடத்தை அரம் வைத்துத் தேய்த்து வழவழப்பாக்கியும் இருக்கிறது.

ஞாயிறு மத்தியானம் மழை இன்னும் பலம். ராத்திரியெல்லாம் தார்ப்பாயிலிருந்து சொட்டியது மிக்ஸர் மேஜையிலும் விழுந்திருக்கிறது. மாமா துணியால் துடைத்துவிட்டு மேலே ஒரு பிளாஸ்டிக் தாளைப் போட்டார். நாங்கள் ஏறினோம். எனக்கு இன்னும் முறை வரவில்லை, பின்னால் நின்றேன். தார்ப்பாயில் விழுகிற மழைச் சத்தத்தில் டீச்சர் குரல் எடுபடவில்லை. மாமா கையை ஆட்டி, "கிட்ட வாங்க, இன்னும் கிட்ட!" என்றார். டீச்சர் கிடாரை மீட்டிக்கொண்டே குனிந்தார். எப்போதும் ஒரு சாண் தள்ளி நிற்கிறவர், உதட்டை வைத்தார்.

கத்தக்கூட இல்லை அக்கா. அப்படியே நின்றார். உடம்பு மட்டும் இறுகி, மைக்கோடு ஒட்டிக்கொண்ட மாதிரி. பாட்டில் அப்படி ஒரு நிறுத்தம் இருக்கிறது என்று கூட்டம் நினைத்திருக்கும். தொப்பி அண்ணன்தான் மேளத்தைப் போட்டுவிட்டு மைக் ஸ்டாண்டை எட்டி உதைத்தார். டீச்சர் மல்லாக்க விழுந்தார். தோள்பட்டை எலும்பு உடைந்துவிட்டது. உதடு வெந்துவிட்டது. கிடார் கம்பியை அழுத்தியிருந்த இடது கை விரல்கள் மூன்றிலும் கம்பி போன தடம் கறுப்பாக இருக்கிறது. அந்த விரல்களில் இன்னும் உணர்ச்சி வரவில்லை.

எல்லோரும் டீச்சரைச் சுற்றி நின்றபோது மாமா மிக்ஸருக்குப் பின்னால் குனிந்து சிவப்பு டேப் வயரை உருவி, வேறு வயரைச் செருகினார். நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.

விழாக்காரர்கள் மேடைக்குக் கரண்டு கொடுத்த ஜெனரேட்டர்காரரைப் பிடித்துக்கொண்டார்கள். "எர்த் கம்பியை ஒழுங்கா நட்டாயா?" என்று. அவர், "வந்து பாருங்க சார், இடுப்பளவு அடிச்சிருக்கேன்" என்று கையைப் பிடித்து இழுத்தார். யாரும் போகவில்லை. மாமா, "சேத்துல கம்பி ஆடியிருக்கும்ங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அது போதுமாக இருந்தது. இனி எந்த விழாவுக்கும் அவரைக் கூப்பிடக் கூடாது என்று முடிவாகிவிட்டது. போன வாரம் கடை வாசலுக்கு வந்து மாமாவைக் கேட்டார். அம்மா, "வீட்ல இல்ல" என்றாள். மாமா பின் அறையில் இருந்தார்.

முதல் நாளே எனக்குக் கடித்தது. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். இதை யாரிடமும் சொல்ல முடியவில்லை. சொல்ல ஆரம்பித்தால் சிவப்பு டேப் வந்துவிடும், மாமா வந்துவிடுவார், நீ வந்துவிடுவாய். மாமாவுக்கு வேலை போனால் குழந்தையோடு நீ எங்கே வந்து இறங்குவாய்?

இன்னும் ஒன்று இருக்கிறது. செப்டம்பர் கடைசியில் அதே மைதானத்தில் மறுபடி விழா. டீச்சரால் முடியாது, அவர் இடத்தில் என்னை முன் மைக்கில் நிற்கச் சொல்கிறார்கள். சவுண்டு மாமாதான். வயர் இன்னும் பெட்டியில் இருக்கிறது. நான் என்ன செய்ய வேண்டும்? சொல்.

பெரியவர் விழித்துவிட்டார். உடம்பைப் பார்த்துக்கொள்.

சுண்டு


செப்டம்பர் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? மூன்று வாரமாக உன்னிடமிருந்து எதுவும் இல்லை. தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே எழுந்து நிற்கிறேன். அவர் எனக்கு இல்லை என்று தலையாட்டிவிட்டுப் போகிறார். அவரும் என்னைப் போலவே பேச மாட்டார்.

என் கடிதம் உனக்குக் கிடைத்ததா? அல்லது வேறு யாருக்காவது கிடைத்ததா?

விழா வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். "டீச்சருக்கு நீதான் இப்ப வாய். அதையும் மூடிக்கிட்டா?" என்றாள். அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது.

இந்த மாதம் முழுக்க மழை என்கிறார்கள். பதில் எழுது.

சுண்டு


செப்டம்பர் 9

என் சுண்டுவுக்கு,

கிடைத்தது. என் கையில்தான் கிடைத்தது. நான் சுகமாக இருக்கிறேன் என்று எழுதிவிட்டு மூன்று தடவை கிழித்தேன்.

உன் மாமாவை ஒருவழியாகப் போனில் பிடித்தேன். மாமியார் பக்கத்தில் இருந்தார், இருக்கட்டும் என்று கேட்டேன்: "எறிஞ்சீங்களா?" "எறிஞ்சுட்டேன்னு அன்னைக்கே சொல்லலையா" என்றார். மூச்சுகூட மாறவில்லை. அதே மூச்சில் "சாப்பிட்டியா, கால் எப்படி இருக்கு?" என்று அக்கறையாகக் கேட்டார். அந்த அக்கறை நிஜம் சுண்டு. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

நான் சொல்வதைச் செய். அந்த வயரைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்சல் கட்டி எனக்கு அனுப்பிவிடு. விழாவுக்கு முன் அனுப்பு. யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம். வயர் இல்லை என்றால் ஆபத்தும் இல்லை. மற்றதைக் குழந்தை பிறந்த பிறகு நான் பார்த்துக்கொள்கிறேன்.

குளிரில் வெறுங்காலோடு நிற்காதே. அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

உன் அக்கா


செப்டம்பர் 28

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமா? நிஜமாகவே கேட்கிறேன், இதைப் படிப்பதற்கு முன் தண்ணீர் குடித்துக்கொள்.

வயரைப் பழைய சட்டைத் துணியில் சுற்றித் தைத்துத் தபாலாபீசுக்குக் கொண்டுபோனேன். ஜன்னலில் இருந்தவர், "உள்ள என்னம்மா?" என்று கேட்டார். "வயர்" என்று சொன்னால் முடிந்தது. அந்த ஒரு வார்த்தைக்குள் நான் நிறைய யோசித்துவிட்டேன். உன் கைக்கு வந்துவிட்டால் அது இருந்ததே யாருக்கும் தெரியாமல் போய்விடும். ஜெனரேட்டர்காரருக்கும் தெரியாது, டீச்சருக்கும் தெரியாது. அடுத்த தடவை இரைச்சல் வந்தால் மாமா கட்டிங் பிளேயரை எடுத்து இன்னொரு பிளக்கின் பின்னை அறுப்பார். அதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? "அப்புறம் வர்றேன்" என்று சொல்லிப் பார்சலைத் திருப்பிக் கொண்டுவந்தேன். தையலைப் பிரித்து மாமாவின் பெட்டியிலேயே வைத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. நீ அதை எதற்குக் கேட்டாய் என்று நான் கேட்கவில்லை.

சனிக்கிழமை விழா. அதே சேறு, அதே மேடை. டீச்சர் கையைக் கழுத்துத் துணியில் தொங்கவிட்டுக்கொண்டு முன் வரிசையில் நாற்காலியில் இருந்தார். ஜெனரேட்டர்காரரும் வந்திருந்தார், வேலைக்கு இல்லை. விழாக்காரர்களிடம் பேச வேண்டும் என்று காலையிலிருந்து ஓரமாகக் குடையோடு நின்றார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

ஒத்திகைக்கு ஏறினேன். அதே "ஊ". மாமா ஹெட்போனைக் காதிலிருந்து நகர்த்தி, சாதாரணமாக, "சுண்டு, அந்தச் சிவப்பு டேப்பைக் கொண்டா" என்றார்.

நான் நகரவில்லை.

"என்ன, கொண்டாம்மா."

"வேணாம் மாமா" என்றேன். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை.

"என்ன முணுமுணுக்கிற? காதுல விழல, மைக்ல சொல்லு" என்றார். தொப்பி அண்ணன் சிரித்தார். எப்போதும் சிரிக்கிற சிரிப்புதான்.

எனக்கு முன்னால் மைக் இருந்தது. உதடு படாமல், டீச்சர் மாதிரி ஒரு சாண் தள்ளி நின்று சொன்னேன். "அந்த வயர் வேணாம் மாமா. அதுல எர்த் பின்னை அறுத்திருக்கீங்க. டீச்சருக்கு அடிச்சது அதனாலதான். எனக்கு முந்தின நாளே அடிச்சுது. நான்தான் சொல்லாம விட்டுட்டேன். ஜெனரேட்டர்காரர் மேல தப்பில்ல."

மைதானத்தின் நாலு மூலை ஸ்பீக்கரிலும் என் குரல் போய்த் திரும்பி வந்தது. என் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியாது. டீக்கடையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார். தொப்பி அண்ணன், "இவளுக்குப் பேச வருமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

ஜெனரேட்டர்காரர் குடையை மடக்கிவிட்டு, மழையில் நனைந்துகொண்டே மேடைக்கு வந்தார். பெட்டியைத் திறந்து, தானே தேடி, பிளக்கை எடுத்துப் பார்த்தார். மாமாவை அடிப்பார் என்று நினைத்தேன். அவர் பிளக்கை டீச்சரிடம் கொண்டுபோய்க் காட்டினார். பிறகு வயரைத் திரும்ப மாமாவின் மேஜைமேல் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். டீச்சர் மாமாவைப் பார்த்தார்.

மாமா ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். வயரைச் சுருட்டிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார். கண்ணைப் பார்க்கவில்லை. வேன் சேற்றில் சறுக்கிக்கொண்டு போன சத்தம் கேட்டது. இரண்டு நாளாக வீட்டுக்கு வரவில்லை. அம்மா கதவைத் தாழ்ப்பாள் போடாமல் வைத்திருக்கிறாள்.

அங்கே வந்தாரா? வரவில்லை என்றால் மறைக்காமல் எழுது.

சுண்டு


அக்டோபர் 6

என் சுண்டுவுக்கு,

வந்தார். முதலில் அதை எழுதிவிடுகிறேன். நாங்கள் மூன்று பேரும், உள்ளே இருப்பதையும் சேர்த்து நாலு பேரும், உயிரோடு இருக்கிறோம். சௌக்கியம் என்று எழுதக் கை வரவில்லை.

வாசலில் சேறு படிந்த காலோடு நின்றார். மாமியார், "என்னடா இது, யாராவது துரத்துறாங்களா?" என்றார். அவர் உள்ளே வந்து, சட்டைப்பையிலிருந்து ஒரு பிளக்கை எடுத்து என் படுக்கையில் வைத்தார். வயரை வழியிலேயே வெட்டி எறிந்துவிட்டாராம். "இது உன்கிட்டயே இருக்கட்டும்" என்றார்.

நான், "இன்னும் எத்தனை இருக்கு?" என்று கேட்டேன்.

தரையைப் பார்த்தபடி, "ரெண்டு" என்றார்.

சுண்டு, நீ பார்சல் அனுப்பியிருந்தால் நான் இங்கே நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். அதை நினைக்கும்போதெல்லாம் உள்ளே இருப்பதை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறேன்.

மாமியார் எல்லாவற்றையும் கேட்டார். ஸ்பீக்கர் தேவைப்படவில்லை. மகனைத் திட்டுவார் என்று பார்த்தேன். "அந்தச் சின்னப் பொண்ணா வாயைத் திறந்துச்சு? போன்ல ஹலோகூடச் சொல்லாதே" என்றார். பிறகு மகனிடம், "போய் அந்த ரெண்டையும் எடுத்துட்டு, நேரா அந்த டீச்சர் வீட்டுக்குப் போ. அப்புறம் விழாக்காரங்க. அப்புறம் அந்த ஜெனரேட்டர்காரர். அதுக்கப்புறம் சாப்பிட வா" என்றார். மறுநாள் போனார். விழாக்காரர்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஜெனரேட்டர்காரரை மறுபடி கூப்பிட்டுவிட்டார்கள். இவரை இனி கூப்பிட மாட்டார்கள். டீச்சர் என்ன சொன்னார் என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

நான் உன்னிடம் அந்த வயரை ஏன் கேட்டேன் என்று நீ கேட்கவில்லை. நன்றி. நான் என்னிடமே இன்னும் கேட்டு முடிக்கவில்லை.

ஆனால் ஒன்றை நீ எழுதவில்லை. மாமா போய்விட்டார், வேன் போய்விட்டது, சரி. பிறகு? நீ பாடினாயா?

உன் அக்கா


அக்டோபர் 13

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். அம்மா தாழ்ப்பாள் போட ஆரம்பித்துவிட்டாள். உன் மாமியாரிடம் நான் ஹலோ சொன்னதாகச் சொல்.

பாடினேன். பெரிதாகச் சொல்ல எதுவும் இல்லை என்று விட்டுவிட்டேன்.

மாமா போனதும் தொப்பி அண்ணன் மிக்ஸரில் இருந்த வயரை உருவிக் காட்டினார். ஜெனரேட்டர்காரர் மூன்று பின்னையும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி செருக விட்டார். ஸ்பீக்கரில் "ஊ" அப்படியே இருந்தது. விழாக்காரர், "இந்த இரைச்சலோட எப்படிப் பாடுறது?" என்றார். டீச்சர் நாற்காலியிலிருந்து, "இரைச்சல் இருக்கட்டும். உன் சுருதி என்ன?" என்று என்னைக் கேட்டார். வெந்த உதட்டோடு அவர் அவ்வளவு பேசி நான் அன்றுதான் கேட்டேன்.

எனக்கு ஐந்து கட்டை. இரைச்சல் ஐந்துக்குக் கொஞ்சம் மேலே. நான் அந்தக் கொஞ்சத்தை ஏறிப் போய் அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன். உரசவில்லை அக்கா. நாலு மூலையிலிருந்தும் எனக்காக யாரோ சுருதி போட்ட மாதிரி இருந்தது. நாம் மாடியில் பாடுகிற உன் படகுப் பாட்டைத்தான் பாடினேன். ரெண்டாவது குரலுக்கு ஆள் இல்லை. நீ பாடுகிற இடம் வந்தபோது நிறுத்தி, அந்த இடத்தை இரைச்சலுக்கு விட்டுவிட்டேன்.

டீச்சர் விரல்களில் நடு விரலுக்கு லேசாக உணர்ச்சி வந்திருக்கிறது. மாமா அவர் வீட்டு வாசலில் நின்றபோது அவர் கதவைத் திறந்தாராம், உள்ளே கூப்பிடவில்லையாம். தொப்பி அண்ணன் சொன்னார்.

இன்னும் ஒன்று. மேடை ஏறுவதற்கு முன், கீழே படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தேன். மைக் எங்கேயோ தூரத்தில் இருந்தது. அப்போதே உதட்டில் எறும்பு வந்துவிட்டது. கடிக்கவில்லை, மெதுவாக ஊர்ந்தது. நீ சொன்ன அதே எறும்பு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெறும் பயம்தான் என்று தெரிந்ததும் அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

வலி எடுத்தால் யாரையும் எழுப்ப யோசிக்காதே, சத்தமாகக் கூப்பிடு.

உன் சுண்டு